தட்டுமுட்டுச் சாமான்

வண்டி டிக்கிக்காக எவளாவது கட்டின புருஷனை விட்டுப் போவாளா என்று க்வெண்டா கேட்கிறாள். பேக்கரிக்கு ரொட்டி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்கிறாள், மீதிச் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே கேட்கிறாள். பதிலை மட்டும் யாரையும் சொல்ல விடுவதில்லை, ஏனென்றால் பதிலையும் அவளே தயாராக வைத்திருக்கிறாள். நெரீடா இன்சூரன்ஸ்காரனை ஏமாற்றப் பார்த்தாளாம், மாட்டிக்கொண்டாளாம், பழியைத் தூக்கிப் புருஷன் மெர்வ் தலையில் போட்டாளாம். அவன் பாவம், வாயில்லாத மனுஷனாம். அவனை அம்போவென்று விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

பொய். முதலிலிருந்து கடைசிவரைக்கும் பொய். மல்கா கிராஸிங் மாதிரி ஒரு பப், ஒரு பேக்கரி, ஒரு பெட்ரோல் பங்க் மட்டும் இருக்கிற ஊரில் ஒரு பொய்யை மூன்று இடத்தில் சொல்லிவிட்டால் முடிந்தது, அப்புறம் அதுதான் உண்மை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல ஆள் இல்லாமல் போய்விடவில்லை. உட்கார்ந்து கேட்க மனசு இருந்தால் போதும்.

மெர்வ் குவில்ட்டி கெட்டவன் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கவுன்சிலுக்காக மண்சாலை சமன்படுத்துகிற வண்டி ஓட்டுகிறவன். கை நீட்டாதவன். சம்பளத்தைக் குடித்துத் தீர்க்காதவன். ஆனால் எதைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து வருவது ஒன்றே ஒன்றுதான்: "சரியாப் போயிடும்." கூரை ஒழுகினால் சரியாகப் போய்விடும். கிணற்று மோட்டார் புகைந்தால் சரியாகப் போய்விடும். அவன் அம்மா சாகக் கிடந்தபோது டார்வினில் இருந்த அண்ணனுக்கு போன் போட்டு, "அம்மா கொஞ்சம் சோர்வா இருக்கா" என்றான். அவசரம் ஒன்றுமில்லை என்று அண்ணன் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்தான். அடக்கமே முடிந்திருந்தது.

அவனை மட்டும் சொல்லியும் பயனில்லை. ஊரே அப்படி. ஆற்று வெள்ளம் பாதி வேலியைக் கொண்டுபோனால் இங்கே "கொஞ்சம் ஈரம்" என்பார்கள். குதிரை தூக்கி எறிந்து கை இரண்டாக முறிந்தால் "சின்ன அடி." பெரிதாகச் சொல்கிறவனுக்குப் பப் பெஞ்சில் இடம் கிடையாது. அதுதான் இங்கே மரியாதை. அந்த மரியாதைதான் நெரீடாவின் தலையில் வந்து விழுந்தது.

நெரீடாவுக்கு முடிவெட்டுகிற வேலை. வீட்டின் முன்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் போட்டு நடத்திக்கொண்டிருந்தாள். மழை பொய்த்த வருஷங்களில் பண்ணைக்காரர்கள் ஊருக்கு வருவதே குறைந்துபோனது. பெட்ரோல் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டி வந்து யார் முடி வெட்டிக்கொள்வார்கள்? அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று நினைத்தாள். வீட்டில் பழைய லேண்ட்குரூசர் ஒன்று இருந்தது. அதன் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுவதும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தத் தேடுற நெரி?" என்றான் மெர்வ்.

"கடையத் தேடுறேன்."

"எது?"

"என் கடை. இதுக்குள்ளதான் இருக்கு. வெளிய எடுக்கணும்."

ஒரு கோடை முழுக்க அவள் கொட்டகையிலேயே கிடந்தாள். பின்னாலிருந்த மடக்கு சீட்டைக் கழற்றினாள். சீட்டைப் பிடித்திருந்த போல்ட் ஓட்டைகளிலேயே இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் பிளைவுட்டில் இழுப்பறைகள் செய்தாள். மூடிப்போன பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இரும்பு பீரோவின் இழுப்பறைத் தண்டவாளங்களைக் கழற்றி அவற்றுக்குப் பொருத்தினாள். உடைந்த கேரவானிலிருந்து ஒரு பேசின் கிடைத்தது. அதை ஒரு தட்டில் பதித்து, இழுத்தால் வெளியே வருகிற மாதிரி செய்தாள். பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி, சின்ன மோட்டார், இரண்டாவது பாட்டரி. பின்கதவை மேலே தூக்கினால் அதுவே நிழல். அந்த நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தால், தலை நேராகப் பேசினுக்குள் போய் உட்காரும்.

செய்து முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று அவள் நினைக்கவில்லை. எங்கேயாவது லொடலொடவென்று சத்தம் வந்தால் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது என்பாள். நம் சாலைகள் தெரியும்தானே, தகர ஓட்டின்மேல் ஓட்டுகிற மாதிரி. மெர்வை ஓட்டச் சொல்லிவிட்டு அவள் டிக்கிக்குள் படுத்துக்கொண்டாள். இழுப்பறைகளின்மேல் காதை வைத்துக்கொண்டு, எது ஆடுகிறதோ அதில் சாக்கட்டியால் கோடு போட்டாள். இறங்கி வந்து பார்த்தால் தலையெல்லாம் செம்மண்.

"உயிரோட இருக்கியா?" என்று முன்னாலிருந்து கத்துவான் மெர்வ்.

"பேசாம ஓட்டு! நீ பேசினா சத்தம் கேக்கல!"

இப்படி எத்தனை தடவை! குப்பைக்கிடங்குச் சாலையில் போய்ப் போய்த் திரும்பினார்கள். ஒவ்வொரு தடவையும் ஓட்டினவன் அவன்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிக்கியில் என்ன இருந்தது, எப்படி முடுக்கியிருந்தது என்று இந்தப் பூமியில் நெரீடாவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே ஆள் மெர்வ் குவில்ட்டி.

வண்டி அவன் பேரில். இன்சூரன்ஸும் அவன் பேரில். நெரீடா போன் செய்தபோது, உரியவரிடம்தான் பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மெர்விடம் சொன்னாள்.

"டிக்கிய மாத்தியிருக்கோம், சீட்ட எடுத்திருக்கோம், இனிமே தொழிலுக்கு ஓட்டப் போறோம். எல்லாத்தையும் சொல்லிடு. சொல்லாம இருந்தா நாளைக்கு ஏதாவது ஆனா கை விரிச்சிடுவாங்க."

"சொல்லிடறேன்."

மறுநாள், "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன். சரியாப் போயிடும்."

அவள் கிளம்பினாள். பண்ணை பண்ணையாகப் போனாள். ஆண்களுக்கு வெட்டினாள், பெண்களுக்குச் சாயம் போட்டாள், கெஞ்சினால் நாய்க்கும் வெட்டினாள். லெப்பர்ட்வுட் பண்ணையில் இஸபெல் என்று ஒருத்தி. தன் அம்மா இறந்ததிலிருந்து இன்னொருத்தர் கை தன் தலையைக் கழுவியதே இல்லை என்று சொல்லி, பேசினில் தலையைச் சாய்த்தபடியே அழுதாள். நெரீடா தண்ணீரை நிறுத்தவில்லை. அழுது முடிகிறவரை வெதுவெதுப்பாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். இதைத்தான் க்வெண்டா டிக்கி என்கிறாள்.

குதிரைப் பந்தயத்துக்கு முந்தின வாரம், பந்தயத்துக்கு வரப்போகிற பெண்கள் எல்லோருக்கும் முடி அலங்கரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். புதரிலிருந்து ஒரு திமில் காளை மிரண்டு ஓடி வந்து வண்டியின் பின்பக்கத்தில் மோதியது. வண்டி தட்டாமாலை சுற்றி வேலியில் போய் நின்றது. நெரீடாவுக்குக் கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது, பேசின் தூள், தொட்டி கிழிந்து தண்ணீர் முழுக்க மண்ணில். ஆனால் ஒரு இழுப்பறைகூடப் பறந்து முன்னால் வரவில்லை. கத்தரிக்கோலெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. அவள் முடுக்கினது அப்படி.

இன்சூரன்ஸிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் பதில் வந்தது: வெளித் தகட்டைச் சரிசெய்து தருவோம். உள்ளே இருந்ததற்கு ஒன்றும் கிடையாது, மாற்றம் செய்ததை எங்களிடம் சொல்லவில்லை.

அது எப்படி வெளியே போனதோ, மறுநாளே பேக்கரியில் இருந்தது. நெரீடா திருட்டுத்தனமாக டிக்கியை மாற்றினாள், இன்சூரன்ஸுக்குத் தெரியாமல் தொழில் நடத்தினாள், இப்போது காசு கேட்கிறாள் என்று. தலையை அவளிடம் கொடுத்து உட்கார்ந்தவர்களே அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்தினார்கள். அவளுக்கு வண்டி போனதைவிட அதுதான் வலித்தது. வேலையில் ஒரு திருகாணி தளர விடாதவளை ஏமாற்றுக்காரி என்று சொன்னால் எப்படி இருக்கும்?

மெர்வ் என்ன செய்தான்? அவனும் கோபப்பட்டான், இன்சூரன்ஸ்காரர்கள்மேல்.

"இதே இடத்துல நின்னு நான் சொன்னேன். இதே போன்ல. அவங்கதான் எல்லாத்தையும் ரெக்கார்டு பண்றாங்களே, போட்டுக் காட்டச் சொல்றேன் பாரு!"

போனைச் சமையலறை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். அந்தப்பக்கம் டாம்சின் என்று ஒரு பெண், குரலைக் கேட்டால் சின்ன வயது. பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, "லைன்லயே இருங்க மெர்வ், தேடிப் பாக்கறேன்" என்றாள். மெர்வ் உப்புக்கறி சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டு, இப்போது பார் என்று நெரீடாவைப் பார்த்துக் கண்ணடித்தான். உண்மையிலேயே நம்பினான். அதுதான் கொடுமை.

பிறகு அவன் குரலே போனிலிருந்து வந்தது. முதலில் இன்னொரு பெண் கேட்டாள்.

"வண்டியில ஏதாவது மாற்றம் செஞ்சிருக்கீங்களா?"

"மாற்றமா? அட, அப்படியெல்லாம் பெருசா ஒண்ணுமில்லம்மா. பொண்டாட்டி டிக்கில ஏதோ தட்டுமுட்டுச் சாமான் போட்டு வச்சிருக்கா."

"பொருத்தியிருக்காங்களா, சும்மா வச்சிருக்காங்களா?"

"சும்மாதான். பொம்பளைங்க சமாச்சாரம், சீப்பு, கண்ணாடின்னு. நாளைக்கே அலுத்துப்போய் எடுத்துடுவா."

"அப்போ மாற்றம் ஒண்ணும் இல்லன்னு போட்டுக்கலாமா?"

"போட்டுக்கம்மா. சரியாப் போயிடும்." அப்புறம் ஒரு சிரிப்பு.

அவ்வளவுதான். டாம்சின் என்னவோ சொன்னாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. மெர்வ் போனை வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தான்.

"பாத்தியா? சொன்னேன்ல? டிக்கில இருக்குன்னு சொல்லியிருக்கேன்ல?"

நெரீடா அவனையே பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை, மழுப்பவும் இல்லை. சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"தட்டுமுட்டுச் சாமானா?" என்றாள்.

"பேச்சுக்குச் சொல்றதுதான் நெரி. எல்லாரும் அப்படித்தானே பேசுவோம்? என் பொண்டாட்டி அரண்மனை கட்டியிருக்கான்னா சொல்லுவாங்க?"

"அரண்மனைன்னு சொல்ல வேணாம். அலமாரின்னு சொல்லியிருக்கலாம். தொட்டின்னு சொல்லியிருக்கலாம். போல்ட் போட்டிருக்குன்னு சொல்லியிருக்கலாம். நீதானே ஓட்டின? நான் உள்ள படுத்து மண்ணத் தின்னுக்கிட்டு வந்தேனே, நீதானய்யா ஓட்டின?"

"கத்தாத. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்களுக்குத்தான் கேக்கணும்! திருடின்னு சொல்றாங்க மெர்வ். என்னை."

"நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் சரியாப்..."

"அந்த வார்த்தையச் சொல்லாத."

அவன் மீதி சாண்ட்விச்சைத் தின்றான்.

அன்றைக்கே அவள் போயிருந்தால்கூட யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போகவில்லை. கோபக்காரி, ஆத்திரத்தில் போய்விட்டாள் என்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இதைச் சொல்வது. அவள் ஒரே ஒரு காரியம் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை பப்புல மீன் வறுவலுக்கு ஊரே வரும். எழுந்து நின்னு பிரசங்கம் பண்ண வேணாம். யாராவது பேச்செடுத்தா, 'அவ சொல்லச் சொன்னா, நான்தான் சரியாச் சொல்லல'ன்னு சொல்லு. அவ்வளவுதான். எனக்குப் பேசின் வேணாம், தொட்டி வேணாம், அதெல்லாம் நான் பண்ணிக்குவேன். இது ஒண்ணு போதும்."

"சரி" என்றான்.

வெள்ளிக்கிழமை போனார்கள். உட்கார்ந்து மீன் வந்ததோ இல்லையோ, பக்கத்து மேஜையிலிருந்து க்வெண்டா ஆரம்பித்தாள்.

"என்னடி நெரி, இந்தத் தடவ டிக்கில யாரை ஒளிச்சு வச்சிருக்க? இன்சூரன்ஸ்காரனையா?"

மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். நெரீடா சிரிக்கவில்லை. மெர்வைப் பார்த்தாள். க்வெண்டாவும் பார்த்தாள். அந்த மேஜையில் இருந்த எல்லோருமே பார்த்தார்கள். இதைவிட நல்ல நேரம் அவனுக்கு எவன் ஏற்பாடு செய்து கொடுப்பான்?

மெர்வ் பீர் டம்ளரைச் சுற்றினான். கழுத்தெல்லாம் சிவந்துபோனது. பிறகு சொன்னான்:

"விடு க்வெண்டா. பாவம், தெரியாமப் பண்ணிட்டா."

அதுதான். அந்த ஒரு வரிதான். ஊர் சொன்னதை ஊர் சொல்லிற்று, போகட்டும். இவன் தாங்கிப் பேசுகிறேன் பேர்வழி என்று குற்றத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, மன்னித்தும் விட்டான்! க்வெண்டா கண்ணைத் துடைத்துக்கொள்ளாத குறை. என்ன தங்கமான மனுஷன் என்று அன்றைக்கு ராத்திரியே பேச்சு. இன்றைக்கும் அதே பேச்சுத்தான்.

நெரீடா மீனை முழுக்கச் சாப்பிட்டாள். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கோபம் ஆறிவிட்டது என்று மெர்வ் நினைத்தான்.

வெளித் தகடு சரியாகி வண்டி வந்ததும் அவள் மறுபடி கொட்டகைக்குள் போனாள். குளிர்காலம். விரல் விறைக்கிற காலைகளில்கூட அங்கிருந்து ரம்பச் சத்தம் வந்தது. சட்டத்தை இந்தமுறை இன்னும் கனமாகப் போட்டாள். மெர்வ் டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான், அதையும் மறைக்க வேண்டாம். வாங்கிக் குடித்தாள். சத்தம் பார்க்க அவனை ஓட்டக் கூப்பிடவில்லை. தானே ஓட்டினாள், நிறுத்தி இறங்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள், மறுபடி ஓட்டினாள்.

"வண்டிய என் பேருக்கு மாத்தணும்" என்றாள் ஒருநாள்.

"அதுக்கென்ன" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பிரச்சினை தீர்ந்தது என்று அவனுக்கு ஒரு நிம்மதி. பேக்கரிக்குப் போய் அவளுக்குப் பிடித்த லாமிங்டன் கேக் வாங்கி வந்தான். அது அப்படியே டப்பாவில் இருந்து காய்ந்தது.

கடைசி நாள் காலை அவன் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். நெரீடா மேஜையில் போனை வைத்து, அதே ஸ்பீக்கரில் போட்டாள். புது இன்சூரன்ஸ், அவள் பேரில். அந்தப்பக்கம் ஒரு பையன்.

"வண்டியில ஏதாவது மாற்றம் உண்டா?"

"உண்டு. நிறைய உண்டு. எழுதிக்க, மெதுவாச் சொல்றேன்."

சொன்னாள். பின்சீட்டை எடுத்தது. இரும்புச் சட்டம், எந்த ஓட்டையில் எந்த போல்ட். இழுப்பறைகள், என்ன பலகை, என்ன கனம். பேசின், தொட்டி நிறைந்தால் என்ன எடை, இரண்டாவது பாட்டரி எங்கே இருக்கிறது, ஒயர் எந்த வழியாகப் போகிறது. முடிவெட்டும் தொழிலுக்கு ஓட்டுகிறேன், மண்சாலையில் ஓட்டுகிறேன், மாடு குறுக்கே வருகிற சாலையில் ஓட்டுகிறேன். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. மெர்வ் ஒரு ஷூவைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அடேங்கப்பா!" என்றான் அந்தப் பையன். "இதெல்லாம் யார் பண்ணிக் கொடுத்தாங்க?"

"நான் பண்ணினேன்."

"போட்டோ அனுப்ப முடியுமா?"

"நேத்தே அனுப்பிட்டேன். பாரு."

"வந்திருக்கு, வந்திருக்கு. சரி, கடைசியா ஒண்ணு. வண்டிய ராத்திரி எங்க நிறுத்துவீங்க? மல்கா கிராஸிங் வீட்லயா?"

"இல்ல. லெப்பர்ட்வுட் பண்ணை. ஆளுங்க தங்கற குடிசை, அதுக்குப் பக்கத்துல கொட்டகை. பூட்டு இருக்கு."

"எப்பலேருந்து?"

"இன்னிலேருந்து."

போனை வைத்தாள். மெர்வ் இன்னும் அந்த ஷூவைப் போடவில்லை.

"இஸபெல் வீட்டுக்கா?" என்றான்.

"ஆமா."

"எத்தன நாளைக்கு?"

அவள் வாசல்வரை போனாள். அவளுடைய துணியெல்லாம் ஏற்கெனவே இழுப்பறையில் இருந்தது. கதவருகே நின்று சொன்னாள்:

"பெருசா ஒண்ணுமில்ல மெர்வ். கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்."

அவன் முகம் மாறியது. அண்ணனுக்கு போன் செய்த அதே வாய்தானே அவனுடையது. இந்த ஊரில் பிறந்தவன், அவள் எவ்வளவு தூரத்தை எவ்வளவு சின்னதாகச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியாமலிருக்குமா? வாயைத் திறந்தான். வழக்கமான வார்த்தைதான் வரப் பார்த்தது. அவள் நின்று பார்த்தாள், சொல்லேன் பார்க்கலாம் என்கிற மாதிரி. அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த வீட்டு ஈ வலைக் கதவுக்கு ஸ்பிரிங் கடுமை. கையால் பிடித்து மெதுவாக விடாவிட்டால் தெருமுனைவரை சத்தம் கேட்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதைப் பிடித்துத்தான் விடுவாள். அன்றைக்கு அதைப் பிடிக்கவில்லை. நேராக நடந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு அறைந்த சத்தம் பேக்கரிக்குள் க்வெண்டாவுக்கே கேட்டதாம். அவளே சொன்னாள்.